கார்மேகம் பறக்கக் கூடாது

சாய்ந்தமருது
14.11.1986, வெள்ளி

அன்பின் மச்சான் அபுல் ஹஸனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் நாங்கள் உயிரோடு இருக்கிறோம். உன் சுகத்துக்கும் துஆச் செய்கிறோம். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. நாளை மறுதினம் தம்மாமுக்குப் பயணமாகும் சீனிமுகம்மதின் கையில் கொடுத்து விடுகிறேன். வாசித்த பிறகு வைத்திருப்பதும் கிழிப்பதும் உன் விருப்பம்.

முதலில் உன் வீட்டுச் செய்தி. றபீக்காவைப் புதன்கிழமை பார்த்தேன். இளையவளுக்கு இருந்த காய்ச்சல் மாறிவிட்டது. மழைக்குக் கிணற்றுக் கட்டின் ஒரு பக்கம் சரிந்தது. ஆள் வைத்துக் கட்டியாகிவிட்டது. இறக்காமத்து வயல் விதைத்து இருபது நாளாகிறது. யானைகள் இரண்டு தடவை வந்து வடக்கு வரம்பை மிதித்துவிட்டுப் போயிருக்கின்றன. உன் மைத்துனர் இந்த முறை காவலுக்குப் போவதில்லை. பயம் யானைக்கு அல்ல.

இனி நான் எழுத வந்தது. கடந்த திங்கட்கிழமை, பத்தாம் திகதி, நம்முடைய சித்திர மாஸ்டர் அழகரெத்தினத்தைக் கொண்டு போய்விட்டார்கள்.

காலை ஒன்பதரைக்குக் கல்முனைத் தபாற்கந்தோர் வாசலில் விளையாட்டுக் கொப்பியை அவரிடம் கொடுத்தேன். வழமை போலப் பைக்குள் வைத்துக்கொண்டு, பாண்டிருப்புப் பக்கம் சைக்கிளைத் திருப்பினார். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சோதனைச் சாவடியில் மறித்திருக்கிறார்கள். எனக்கு இது தெரியாது. பகல் இரண்டு நாற்பதுக்குப் படை முகாமிலிருந்து நிருபர்களுக்கு அறிவித்தல் வந்தது. மூன்று பத்துக்கு நான் பத்திரிகைக்குத் தந்தி அடித்தேன்: சந்தேகத்தின் பேரில் ஒருவர் கைது, ஒன்பது பேரின் விபரங்களும் ஆயுதங்களும் மறைவிடங்களும் வரைபடங்களும் கொண்ட முக்கிய ஆவணம் ஒன்றும் கைப்பற்றப்பட்டது. மறுநாள் பத்திரிகையில் ஒரு சொல்லும் மாறாமல் வந்தது.

அன்று மஃரிபுக்குச் சற்று முன்னர் அவரது மனைவி தங்கேஸ்வரி குடையைப் பிடித்துக்கொண்டு உள் வீதியால் எங்கள் வீட்டுக்கு வந்தார். போன வருடத் தமிழ்-முஸ்லிம் கலவரத்துக்குப் பிறகு எங்கள் தெருவுக்குள் தனியாக வந்த முதல் தமிழ்ப் பெண் அவர்தான். படியில் நின்றபடியே கேட்டார்: “நானா, அவர்ர பைக்குள்ள கொப்பி ஒண்டு கிடந்ததாம். என்ன கொப்பி நானா அது?” அப்போதுதான் எந்த ஆவணத்தைப் பற்றித் தந்தி அடித்தேன் என்பது எனக்கு விளங்கியது.

மச்சான், உன்னிடம் கேட்பது இதுதான். இது விளையாட்டு என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பு. 1983இல் நீ திரும்பிப் போகும்போது ஞாபகமாக எடுத்துச் சென்ற விளையாட்டுப் பெட்டியில் அச்சிட்ட விதிப் புத்தகம் இருக்கிறது. அதையும் அனுப்பு. நாங்கள் சொன்னால் நம்பமாட்டார்கள். அமெரிக்காவில் அச்சான படம் போட்ட புத்தகத்தை நம்பக்கூடும். மூன்று வருடத்தில் நீ சிலதை மறந்திருப்பாய். எழுத வேண்டியவற்றை ஒழுங்காகச் சொல்கிறேன்.

உன் கம்பனியில் வேலை முடிந்து ஊருக்குப் போன ஓர் அமெரிக்க என்ஜினியர் அந்தப் பெட்டியை விட்டுவிட்டுப் போனார். 1980இல் நீ அதைக் கொண்டு வந்தாய். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்ல வேண்டும். அது கைகூடுமா என்பதைத் தாயக்கட்டை சொல்லும். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்ததும் அப்துல் ஸமட்டின் தையற் கடையில், கதவைப் பாதி சாத்திவிட்டு விளையாடினோம். ஸமட் தாயக்கட்டைக்குச் சம்மதிக்கவில்லை. “என்ட கடைக்குள்ள தாயம் உருட்டேலா மச்சான். சாரத்துக்கு மூட்டுப் போட வாற மோதினார் கண்டா என்னத்தச் சொல்ற?” என்று நின்றான். அதனால் இருபது புளியங்கொட்டைகளில் அழகரெத்தினம் வெள்ளைப் பெயின்றால் ஒன்று முதல் இருபது வரை எழுதினார். பால்மா டின்னுக்குள் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுப்போம். பதினொன்றும் அதற்கு மேலும் வந்தால் கைகூடும். நகர்வை எழுதியவர் கொட்டை எடுக்கக் கூடாது; எடுப்பவருக்குப் பக்கத்தில் ஒரு சாட்சி இருக்க வேண்டும்.

பெட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் இறுகிய உடுப்புப் போட்ட அதிசய மனிதர்கள்: வானத்திலிருந்து விழுந்த பலசாலி, மின்னலைப் போல் ஓடுபவன், மனதுக்குள் இருப்பதை வாசிப்பவன். முதல் வெள்ளி அழகரெத்தினம் பலசாலியை எடுத்துக் கார்மேகம் என்று பெயர் வைத்தார். கார்மேகம் கல்முனைச் சந்தைக்குள் இருந்து எழும்பி, கடலுக்கு மேலால் ஒரு சுற்றுச் சுற்றி, கடத்தல்காரரின் வள்ளத்தைக் கவிழ்த்துவிட்டு, பத்து நிமிடத்தில் கதையை முடித்துவிட்டான். ஸமட் தேத்தண்ணிக்குச் சொல்லி அனுப்பியிருந்தான். அது வரவில்லை, கதை முடிந்துவிட்டது. நீ சிரித்துச் சிரித்துத் துணிக்கட்டில் விழுந்தாய்.

அப்போது நான்தான் சொன்னேன், இவர்களை நமது மாத மர்ம நாவல்களில் வருகிற ஆட்களைப் போல் ஆக்கிவிடுவோம் என்று. தொப்பி, நீளக் கோட்டு, டோர்ச், ரிவோல்வர், ஒட்டுத் தாடி. அடித்தால் இரத்தம் வருகிற மனிதர்கள். கொப்பியின் முதலாம் பக்கத்தில் விதி ஒன்று இப்படி இருக்கிறது: “இந்த விளையாட்டில் எவரும் பறக்கக் கூடாது. கல்முனையில் ஒருவர் கேட்டால் நம்பக்கூடியதையே செய்யலாம்.” அழகரெத்தினம் மட்டும் எதிர்த்தார். “நம்புறதத்தான் செய்யணும் எண்டா நான் பள்ளிக்கூடத்திலயே இருப்பனே மீரா, இஞ்ச என்னத்துக்கு வாறன்?” என்றார். நாங்கள் மூன்று பேர், அவர் ஒருவர்.

அதன்படி பறக்கும் பலசாலி, எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளிக்கு மறுநாள் சாகாமம் குளக்கட்டில் நினைவு தப்பிக் கிடந்து, இப்போது அரிசி ஆலையில் மூட்டை சுமக்கும் மனிதன் ஆனான். மின்னல் ஓட்டக்காரன், ஸமட்டின் கையில், குறுக்குப் பாதை எல்லாம் தெரிந்த சைக்கிள்காரன் உதுமான் ஆனான். மனதை வாசிப்பவன் உன்னுடையவர்: நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் ஆதம்லெவ்வை. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் விழுகிற இடைவெளியை வைத்து யார் பொய் சொல்கிறார் என்று கண்டுபிடிப்பவர். எதிரிகளையும் சேர்த்து ஒன்பது பேர்.

நடத்துபவன் நான் என்பதால் எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்று நின்றேன். உதுமான் இறக்காமத்திலிருந்து கல்முனைக்கு வர ஒன்றே முக்கால் மணித்தியாலம் என்று கொப்பியில் இருக்கிறது. அது நான் சைக்கிள் ஓடி மணிக்கூட்டில் பார்த்த நேரம். கார்மேகத்தின் மறைவிடமான சாகாமத்து வான்கதவு அறைக்குள் எத்தனை பேர் நிற்கலாம், பூட்டு எந்தப் பக்கம் என்பதெல்லாம் நேரில் போய்ப் பார்த்து எழுதப்பட்டவை. வரைபடங்கள் அழகரெத்தினம் கீறியவை. அவற்றைப் பார்த்தால் நில அளவைக் கந்தோர்ப் படம் போலத்தான் இருக்கும்.

போன வருடக் கலவரத்துக்குப் பின் அவர் வெள்ளிக்கிழமை கடைக்கு வர முடியாமற் போனது உனக்குத் தெரியும். நாங்களும் பாண்டிருப்புக்குப் போகவில்லை. கொப்பி மட்டும் போய்வந்தது. ஒரு திங்கள் நான் கொடுப்பேன், மறு திங்கள் அவர் நகர்வை எழுதித் திகதியும் போட்டுத் தருவார். டின் என்னிடம் இருக்கும். தபாற்கந்தோர்ப் படியில் வைத்தே கொட்டை எடுப்போம். நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்த நாட்களில் இரு பக்கத்துக்கும் நடுவில் பயமில்லாமல் போய்வந்த ஒரே பொருள் அதுதான்.

இவ்வளவையும் எழுது. ஒன்றை மட்டும் விட்டுவிடு: கொப்பியில் உள்ள கையெழுத்து யாருடையது என்பதை. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

இது ஜும்ஆ முடிந்த நேரம். ஸமட்டின் கடை பூட்டியிருக்கிறது. அல்லாஹ் உன்னைப் பாதுகாப்பானாக. தாமதிக்காதே.

இப்படிக்கு,
உன் மச்சான்
மீராசாஹிபு

•

சாய்ந்தமருது
26.12.1986, வெள்ளி

அன்பின் மச்சானுக்கு ஸலாம்.

ஆறு வெள்ளி போய்விட்டது. உன் பதில் வரவில்லை. சீனிமுகம்மது கடிதத்தை உன் கையில் கொடுத்ததாக அவன் மனைவிக்கு எழுதியிருக்கிறான். ஆகவே கிடைத்தது என்று கொண்டு எழுதுகிறேன். கொழும்புக்குப் போகும் ஒருவரிடம் கொடுத்து அங்கே தபாலில் சேர்க்கச் சொல்கிறேன்.

றபீக்காவும் பிள்ளைகளும் நலம். மழை விட்டுவிட்டது. பயிர் இப்போதைக்குப் பச்சையாக நிற்கிறது.

இம்மாதம் பதினாறாம் திகதி, செவ்வாய், தங்கேஸ்வரியோடு முகாமுக்குப் போனேன். ஏழாவது முறைதான் உள்ளே விட்டார்கள். மாற்று உடுப்புப் பொதி ஒன்றை வாங்கிக்கொண்டார்கள். இருக்கிற ஆளுக்குத்தானே உடுப்பு வாங்குவார்கள் என்று அவர் அதிலேயே ஆறுதல் அடைந்தார். பிறகு அதிகாரி என்னைக் கூப்பிட்டார். முப்பது வயது இருக்கும். மரியாதையாகவே பேசினார். மொழிபெயர்க்க ஒருவர் நின்றார். மேசையில் நம்முடைய தடித்த அட்டைச் சி.ஆர். கொப்பி இருந்தது. பக்கங்களுக்கு நடுவில் நிறையக் கடதாசித் துண்டுகள் செருகியிருந்தார்கள். ஆறு வருடத்தில் நாம் வாசித்ததை விட அவர்கள் அதைக் கவனமாக வாசித்திருக்கிறார்கள்.

நான் டின்னைக் கொண்டு போயிருந்தேன். காவலில் நின்றவர் இருபது கொட்டைகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் விட்டார். அதிகாரியின் முன்னால் குலுக்கி எடுத்துக் காட்டினேன். பதினேழு வந்தது. இப்போது கார்மேகம் கதவை உடைத்துவிட்டான் என்று விளக்கினேன். எந்தக் கதவு என்று கேட்டார். கதவு இல்லை, விளையாட்டு என்றேன். விளையாட்டில் யார் வெல்வது என்று கேட்டார். யாரும் வெல்வதில்லை என்றேன். தோற்பது யார் என்றார். யாரும் தோற்பதுமில்லை, கதை நடந்துகொண்டே இருக்கும் என்றேன். எத்தனை வருடமாக என்று கேட்டார். ஆறு வருடம். அதை அவர் எழுதிக்கொண்டார்.

இவர்கள் எல்லாம் அமெரிக்கச் சித்திரக் கதைகளின் அதிசய மனிதர்கள், பறக்கிறவர்கள், மலையைத் தூக்குகிறவர்கள், அவர்களை நாங்கள் மர்ம நாவல் ஆட்களாக மாற்றினோம் என்று சொன்னேன். அவர் முகத்தில் முதல் தடவையாக ஓர் ஆர்வம் தெரிந்தது. தானும் சிறுவயதில் அப்படியான புத்தகங்கள் வாசித்திருப்பதாகச் சொன்னார். பிறகு கொப்பியைப் புரட்டத் தொடங்கினார். முதலிலிருந்து கடைசி வரை, பொறுமையாக, ஒரு பக்கமும் விடாமல். அந்த நேரம் முழுவதும் நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் எதைத் தேடுகிறார் என்பது எனக்குத் தெரியும். அது அங்கே இல்லை என்பதும் தெரியும்.

“எங்கே பறக்கிறான்? இதில் ஒருவனும் பறக்கவில்லையே,” என்றார்.

சாகாமத்துக்கு ஆட்களோடு போனதாகவும் சொன்னார். வான்கதவு அறை கொப்பியில் உள்ளபடியே இருக்கிறதாம். பூட்டு இடப் பக்கம், உள்ளே நான்கு பேர் நிற்கலாம், எல்லாம் சரி. கார்மேகம் மட்டும்தான் இல்லை. ஐந்து கிழமையாக அழகரெத்தினத்திடம் ஒரே கேள்வி, கார்மேகம் எங்கே என்று. அவர் சொல்லும் பதில் ஒவ்வொரு முறையும் ஒன்றுதான் என்றும், அதனாலேயே அது பாடம் பண்ணிய பதில் என்று தெரிகிறது என்றும் சொன்னார்.

கடைசியாகக் கேட்டார்: இந்தக் கையெழுத்து யாருடையது?

தங்கேஸ்வரி கதவுக்கு அப்பால் வாங்குப் பலகையில் இருந்தார். எல்லாம் அவருக்குக் கேட்கும். நான் சொன்னேன், விளையாடியவர்கள் எல்லோரும் மாறி மாறி எழுதியது என்று. மச்சான், உன் ஆதம்லெவ்வை அங்கே நின்றிருந்தால் அந்தக் கேள்விக்கும் என் பதிலுக்கும் நடுவில் இருந்த இடைவெளியை அளந்திருப்பார். நூற்று நாற்பத்து மூன்று பக்கங்களில் நூற்றிருபதுக்கு மேல் என் கையெழுத்து. அது உனக்குத் தெரியும், ஸமட்டுக்குத் தெரியும், அழகரெத்தினத்துக்குத் தெரியும். அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கு நான் வீட்டுக்குத் திரும்பியிருக்க மாட்டேன்.

போன கடிதத்தில் பிறகு எழுதுகிறேன் என்று சொன்னது இதைத்தான்.

வரும் வழியில் தரவைச் சந்தியைத் தாண்டிய பிறகு தங்கேஸ்வரி கேட்டார்: “கார்மேகம் எண்டு ஒருத்தர் உண்மையா இல்லையா நானா? இரிந்தா அவரக் காட்டிக் குடுத்துப்போட்டு இவரக் கூட்டிக்கொண்டு வரலாமே.” நான் இல்லை என்றேன். நான் எதையோ மறைப்பதாக அவர் நினைத்தார். அது சரிதான், மறைத்தது வேறு.

ஸமட் கடையை மூடிவிட்டு வரிப்பத்தான்சேனையில் மனைவி வீட்டுக்குப் போய்விட்டான். போகுமுன் ஒரே ஒரு தடவை வந்தான். “மச்சான், உதுமான நான் மௌத்தாக்கிப் போட்டன். இனி என்ட பேர எங்கயும் எடுக்காத,” என்றான். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் தன் பாத்திரத்தின் சாவைச் சொன்னான்.

எங்கள் வீட்டில் மனைவி சித்தி லைலாவிடம் கையெழுத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். “இஞ்சாருங்க, நீங்களும் உள்ளுக்குப் போனா அவர் வெளியில வந்துருவாரா? அங்க ஒரு பொம்புள அழுறா. காணாதா?” என்றாள். அவள் கேட்டது பிழையான கேள்வி அல்ல.

விதிப் புத்தகத்தின் அட்டையையாவது கிழித்து அனுப்பு. அட்டையில் பறக்கிற ஆள் இருக்கிறான். அது போதும்.

மீராசாஹிபு

•

சாய்ந்தமருது
6.2.1987, வெள்ளி

அன்பின் அபுல் ஹஸனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. பதினோரு கிழமை கழித்து ஒன்றரைப் பக்கம். நீ எழுதியதை விளங்கிக்கொண்டேன். பெட்டியைக் கம்பனிக் குப்பையில் போட்டுவிட்டாய். கையெழுத்திட்ட கடிதம் எழுதினால் விசாவுக்குப் பிரச்சினை வரும், இங்கே றபீக்காவையும் பிள்ளைகளையும் தேடி வருவார்கள். ஆதம்லெவ்வை உன்னுடையவர் என்று யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறாய். சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். கோபம் இல்லை மச்சான். டிசம்பரில் அந்த மேசைக்கு முன்னால் நான் செய்ததை விட நீ ஒன்றும் குறைவாகச் செய்துவிடவில்லை.

நேற்று முன்தினம், புதன்கிழமை, நான் தனியாக முகாமுக்குப் போனேன். வீட்டில் பத்திரிகை வேலை என்று சொன்னேன். சுபஹுக்குப் பிறகு பிள்ளைகளின் தலையைத் தடவிவிட்டு, பற்தூரிகையையும் ஒரு சாரத்தையும் பையில் வைத்துக்கொண்டேன்.

பழைய அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். புதியவரிடம், அந்தக் கொப்பியை எழுதியவன் நான், அழகரெத்தினம் படங்கள் மட்டும்தான் கீறினார் என்று சொன்னேன். இந்த முறை இடைவெளி இல்லாமல் சொன்னேன். ஒரு தாளும் பேனையும் தந்து, ஏதாவது எழுதச் சொன்னார். என்ன எழுதுவது என்று தெரியாமல் விதி ஒன்றை எழுதினேன். வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு மடித்து மேசை லாச்சிக்குள் போட்டார்.

எந்த அழகரெத்தினம் என்று கேட்டார். பதிவுப் புத்தகத்தை எடுத்து வரச் செய்தார். நவம்பரிலிருந்து விரலை வைத்துக் கீழே இறக்கிக்கொண்டு வந்தார். அப்படியொரு ஆள் இங்கே கொண்டுவரப்படவில்லை என்றார். நான் திகதியைச் சொன்னேன், நேரத்தைச் சொன்னேன், நான் அடித்த தந்தியைச் சொன்னேன், பத்திரிகையைக் காட்டினேன். தந்தியில் பெயர் இல்லையே என்றார். உண்மை. அறிவித்தலில் பெயர் இருக்கவில்லை, நானும் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருடம் செய்தி எழுதுகிறேன். கைதானவரின் பெயரைக் கேட்காமல் தந்தி அடித்தது அந்த ஒரு நாள்தான். இரண்டு நாற்பதுக்கு வந்ததை மூன்றரைக்குள் அனுப்ப வேண்டும் என்று ஓடினேன்.

என்னைப் போகச் சொன்னார்கள். வாசலில் நின்றவன் பையைத் திறந்து, சாரத்தையும் பற்தூரிகையையும் பார்த்துவிட்டு, எங்கே பயணம் என்று கேட்டான்.

பதினொன்றரைக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். சித்தி லைலா இறால் சமைத்திருந்தாள்.

இறக்காமத்து வயல் கதிர் முற்றி நிற்கிறது. இன்னும் மூன்று கிழமையில் வெட்டலாம். உன் மைத்துனர் வெட்டுக்கு ஆள் தேடுகிறார்.

மீராசாஹிபு

•

சாய்ந்தமருது
3.4.1987, வெள்ளி

அன்பின் மச்சான் அபுல் ஹஸனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் உனக்கும் உன் குடும்பத்துக்கும் நீண்ட ஆயுளைத் தருவானாக. நோன்புக்கு இன்னும் நான்கு கிழமை இல்லை. றபீக்கா இப்போதே வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கத் தொடங்கிவிட்டா. மூத்தவன் குர்ஆன் ஓதி முடித்துவிட்டான். நீ சந்தோஷப்பட வேண்டிய செய்தி.

செவ்வாய்க்கிழமை முகாமிலிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து, என்னைக் கூப்பிட்டு, பழுப்புக் கடதாசிப் பொதியொன்றில் கையொப்பம் வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே நம்முடைய கொப்பி. மேலே ஒரு குறிப்பு: பரிசீலிக்கப்பட்டது, விளையாட்டு சம்பந்தமானது, உரியவரிடம் ஒப்படைக்கலாம். உரியவர் என்ற இடத்தில் என் பெயர். கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். நான் சொன்னதை நம்பியிருக்கிறார்கள்.

கொப்பி வந்துவிட்டது. ஆள் அங்கே இருக்கவேயில்லை என்ற பதில்தான் இன்னும் இருக்கிறது.

கடதாசித் துண்டுகளை எல்லாம் எடுத்துவிட்டிருந்தார்கள். நான் முதலாம் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு வந்தேன். பத்தாம் திகதி நான் கொடுக்கும்போது கடைசியாக எழுதிய பக்கம் நூற்று நாற்பத்து மூன்று. இப்போது நூற்று நாற்பத்து நான்கிலும் எழுத்து இருக்கிறது. அழகரெத்தினத்தின் எழுத்து. அவர் எப்போதும் கறுப்பு மையில், சாய்வில்லாமல், படத்துக்குப் பெயர் போடுவதைப் போல எழுதுவார். இது நீலக் குமிழ்முனைப் பேனை. வரி கீழ்நோக்கி இறங்குகிறது. ஆனால் “ழ”வைச் சுழிக்கும் விதம் அவருடையது. வழமை போல மேலே திகதி போட்டிருக்கிறார்: 19.1.1987, திங்கள்.

அவரைச் சாவடியில் மறித்த நேரத்துக்கும் நான் கொப்பி கொடுத்த நேரத்துக்கும் நடுவில் இருபத்தைந்து நிமிடம். இந்தத் திகதி அதற்கு எழுபது நாள் பின்னால். அங்கே இல்லாத ஆள் எழுபதாம் நாள் அங்கே இருந்து எழுதியிருக்கிறார். இதைச் செய்தியாக எழுதி அனுப்பினேன். போடவில்லை. இனி அனுப்பப் போவதுமில்லை. அவர்கள் போடாததற்கு ஒரு காரணம் சொன்னார்கள், அதை உனக்கு எழுதவும் எனக்கு மனமில்லை.

பக்கத்தில் இருப்பதை அப்படியே தருகிறேன்:

“கார்மேகம் கூரைத் தகரத்தைக் கையால் விலத்துகிறான். எழும்புகிறான். தென்னைக்கு மேலால் போகிறான். கடல் தெரிகிறது. நடத்துபவருக்கு: விதி ஒன்று தெரியும். இந்த ஒரு தடவை. எண்:”

எண் போடவில்லை. எழுதியவர் எடுக்கக் கூடாது என்பதும் அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது.

ஏன் எழுதினார் என்று நான்கு நாளாக யோசிக்கிறேன். இது விளையாட்டுத்தான் என்று காட்ட, பறக்கிறவன் ஒருவனை அவர்களே கேட்டு எழுதுவித்திருக்கலாம். அல்லது எவரோ பேனையைக் கொடுத்து, நீ விளையாடு பார்ப்போம் என்றிருக்கலாம். அந்தப் பக்கத்தால்தான் கொப்பிக்கு விடுதலை கிடைத்தது என்றால், அதை அவர் 1980இலேயே எழுதியிருப்பார். எழுத விடாதவன் நான். பக்கத்தின் ஓரத்தில் “அனுமதி” என்று எழுதிக் கையொப்பம் வைத்துவிட்டேன். ஏழு வருடம் பிந்திய அனுமதி.

தங்கேஸ்வரியிடம் இன்னும் காட்டவில்லை. காட்ட வேண்டும். அவருக்கு இந்த விளையாட்டின் விதி தெரியாது. ஆனால் வாசித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்பார், பிறகு என்ன நடந்தது என்று. பிள்ளைகள் இரண்டும் சித்திரம் கீறுவார்களாம். மாஸ்டரின் கறுப்பு மைப் போத்தலைத் தொட விடாமல் அலுமாரிக்குள் பூட்டி வைத்திருக்கிறார். அவர் வந்தால் தேடுவாராம்.

டின் என் மேசையில் இருக்கிறது. இருபது கொட்டைகளும் சரியாக இருக்கின்றன, எண்ணிப் பார்த்தேன். நான் இன்னும் எடுக்கவில்லை. எடுப்பவனுக்குப் பக்கத்தில் ஒரு சாட்சி இருக்க வேண்டும். ஸமட்டிடம் ஆள் அனுப்பினேன். வீட்டில் இல்லை என்று உள்ளே இருந்தே சொன்னானாம். மிஞ்சியிருப்பது நீ ஒருவன்.

அபுல் ஹஸன், இந்த நோன்புக்கு வா. பெருநாளுக்காவது வா. விமான நிலையத்திலிருந்து நேரே உன் வீட்டுக்குப் போ, பிள்ளைகளைப் பார், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு இங்கே ஒரு கால் மணித்தியாலம் வந்து இரு. கடிதம் கேட்கவில்லை, பெட்டியும் கேட்கவில்லை. இந்தச் சாட்சிக்குக் கையொப்பம் தேவையில்லை. யாரும் உன் பெயரைக் கேட்க மாட்டார்கள். நான் கொட்டையை எடுக்கும்போது நீ பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

நீ வரும் வரை டின்னைக் குலுக்க மாட்டேன். எடுக்காத வரைக்கும் அவர் தென்னைக்கு மேலே இருக்கிறார்.

அல்லாஹ் உன்னை ஸலாமத்தாக ஊர் சேர்ப்பானாக. ஆமீன்.

உன் வருகையை எதிர்பார்த்திருக்கும்
மீராசாஹிபு